பிரியாணிக்கு முந்தைய இருபது நிமிடம்

வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, நட்சத்திர ஹோட்டல், குளிர்சாதன அரங்கு, குடும்ப மருத்துவர்களுக்கான சி.எம்.இ. எனும் தொடர்கல்விக் கூட்டம். சர்க்கரை நோய்க்கு ஒன்றரை மணி நேரம். ரத்தக் கொதிப்புக்கு ஒரு மணி நேரம். முழங்கால் தேய்மானத்துக்கு முக்கால் மணி நேரம். கடைசியாக 12.40-லிருந்து 1.00 வரை, சிபிலிஸ் பற்றி அடியேன். 1.00 மணிக்கு மட்டன் பிரியாணி. பசித்த எண்பது டாக்டர்களுக்கும் தம் போட்ட பிரியாணிக்கும் குறுக்கே என்னையும் ஒரு பால்வினை நோயையும் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள்.

சர்க்கரைக்கு ஒரு மருந்துக் கம்பெனி ஸ்பான்சர், கொதிப்புக்கு இன்னொன்று, மூட்டுக்கு மூன்றாவது. எனக்கு யாருமில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மாதம் தவறாமல் மாத்திரை வாங்கவைத்து, ஆளைச் சாகவும் விடாமல் முப்பது வருடம் கூடவே வருவதுதான் குடும்பப்பாங்கான நோய். ஒரே ஊசியில் ஓடிப்போகும் நோயை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி எப்படிப் பிழைக்கும்? அந்த ஊசியின் விலை அன்றைய பிரியாணியின் விலையைவிடக் குறைவு.

இரண்டு நாள் முன்பு அமைப்பாளர் போன் செய்தார்.

"சார், தலைப்பைக் கொஞ்சம் டீசன்ட்டா மாத்திக்கலாமா? சில டாக்டர்ஸ் ஃபேமிலியோட வர்றாங்க."

"என்னன்னு வெக்கலாம்?"

"'இளைஞர் நலம்: சில சிந்தனைகள்'னு போட்டுடட்டுமா சார்?"

போட்டுவிட்டார். ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெறவேண்டும் என்பது மருத்துவர்களுக்கு உள்ள விதி. சிபிலிஸ் என்ற சொல்லை எழுத்தில்கூடப் பார்க்காமல் ஒருவர் சிபிலிஸில் தேர்ச்சி பெறுவது இந்த வழியாகத்தான்.

பேர் சொல்லக் கூசுவது இந்த நோய்க்குப் புதிதில்லை. 500 வருடமாக இதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் பேரைத்தான் வைத்துவருகிறார்கள். இத்தாலிக்காரன் பிரெஞ்சு நோய் என்றான். பிரெஞ்சுக்காரன் நேப்பிள்ஸ் நோய் என்றான். ரஷ்யாவில் அது போலந்து நோய், துருக்கியில் கிறிஸ்தவர் நோய். நாம் மட்டும் இளைத்தவர்களா? கப்பலில் வந்தவன் தலையில் கட்டிப் பறங்கிப்புண் என்றோம். அதற்கு வைத்தியர் கொடுத்த வேருக்கும் பறங்கிப்பட்டை என்றே பேர் வைத்து, நோயையும் மருந்தையும் ஒரே ஆளின் பற்றில் எழுதினோம்.

1905-ல் பெர்லினில் ஷாவுடினும் ஹாஃப்மனும் நுண்ணோக்கியில் கிருமியைப் பிடித்தார்கள். சுருள்கம்பி மாதிரி இருந்தது. அதற்குத் தேசமும் மதமும் சாதியும் இல்லை. இந்தச் செய்தி நம் டாக்டர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அன்று தேநீர் இடைவேளையில் ஒருவர் என் தோளில் உரிமையோடு கைபோட்டுச் சொன்னார்: "எங்க ஏரியா ஃபேமிலி ஏரியா சார். அந்த மாதிரி கேஸெல்லாம் நமக்கு வராது."

லாரி ஓட்டுகிறவருக்கு வரும். கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பையனுக்கு வரும். மேசைமேல் கார் சாவியை வைத்துவிட்டு உட்காருகிறவருக்கு வராது. கிருமி பத்திரமும் பட்டாவும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறது போலும்.

1986 வரை இந்தியா முழுவதுமே ஃபேமிலி ஏரியாதான். எய்ட்ஸ் மேல்நாட்டு நோய், நம் பண்பாட்டுக்கு வராது என்று நாடே சமாதானமாக இருந்தது. அந்த ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா என்ற மாணவி, பாலியல் தொழில் செய்த பெண்களிடம் போய்ப் பேசி ரத்தம் எடுத்துவந்தார். வேலூரில் சோதித்தார்கள். பண்பாடு பல்லிளித்தது. அவர்கள் புதிதாக எந்த இயந்திரத்தையும் கண்டுபிடிக்கவில்லை. யாரும் கேட்காத இடத்தில் போய்க் கேட்டார்கள், அவ்வளவுதான்.

சிபிலிஸ் விஷயத்தில் நாம் இன்னும் 1985-ல் இருக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2022-ல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குள் 80 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியிருக்கிறது. அத்தனை பேரும் ஃபேமிலி இல்லாத ஏரியாவில் குடியிருந்திருக்க வேண்டும்.

இந்த நோயின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். தொற்றி மூன்று வாரம் போல் ஆனதும் ஒரு புண் வரும். வலிக்காது. வலிக்காத புண்ணையும் ஒருவர் மதித்து, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு டாக்டரிடம் வந்துவிட்டால் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். டாக்டர் கும்பிடுவதில்லை. வேட்டியை விலக்கிப் பார்ப்பதுமில்லை. "உடம்புச் சூடுப்பா. இளநீர் குடி" என்று சொல்லி ஒரு களிம்பு எழுதுகிறார். மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் புண் ஆறிவிடும். களிம்பு போட்டாலும் ஆறும், போடாவிட்டாலும் ஆறும், விபூதி பூசினாலும் ஆறும். பேர் டாக்டருக்கு: கைராசிக்காரர்.

சில வாரம் கழித்து உடம்பில் தடிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத்தில் புள்ளிகள். அரிப்பு பெரும்பாலும் இருக்காது. உள்ளங்கையில் தடிப்பு என்றால் ரத்தத்தில் சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். சோதனை பார் என்பது கல்லூரியில் கடைசி பெஞ்சுக்கும் கேட்ட பாடம். கையைத் திருப்பச் சொன்னால்தானே உள்ளங்கை தெரியும்? நம்மவர் புறங்கையைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிடுகிறார். "அலர்ஜி. கத்தரிக்காய், கருவாடு, நண்டு ஒதுக்கிடுங்க." ஒரு செட்ரிசின், ஒரு ஸ்டீராய்டு களிம்பு. இந்தத் தடிப்பும் தானாகவே மறைந்துவிடும். கத்தரிக்காயைத் துறந்தவர் ஊரெல்லாம் சொல்கிறார், கிளினிக் வாசலில் செருப்பு குவிகிறது. வைத்தியமே செய்யாத வைத்தியருக்கு இயற்கை இவ்வளவு தாராளமாகப் பேர் வாங்கித் தரும் நோய் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அதன்பின் கிருமி உள்ளே பதுங்கும். வருடக்கணக்கில் மூச்சுக் காட்டாது. கண்ணையும் மூளையையும் அது எந்தக் கட்டத்திலும் தொடலாம். நாள்பட்டால் சிலருக்கு மகாதமனி வீங்கும், சிலருக்குப் புத்தி பேதலிக்கும். அப்போது அவர் போவது இதய நிபுணரிடம், கண்ணாஸ்பத்திரிக்கு, அல்லது குணசீலம் கோயிலுக்கு. கைராசிக்காரரின் கணக்கில் ஒரு பைசாகூடப் பற்று விழாது.

அந்தக் கணக்கில் வராத இன்னொருத்தி வீட்டில் இருக்கிறாள். அவளிடமும் அந்தப் புண் வலிக்காமல், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வந்துபோயிருக்கும். ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிடுகிறது. மாமியார் ஜாதகத்தை எடுக்கிறார், நாகதோஷம் என்கிறார்கள், காளஹஸ்திக்கு அழைத்துப்போகிறார்கள். அவளுக்குப் பேர் ராசியில்லாதவள். டாக்டரின் கைராசியும் அவளுடைய ராசியின்மையும் ஒரே களிம்புக் குழாயிலிருந்து பிதுங்கி வந்தவை என்று எந்த ஜோசியருக்குத் தெரியும்? விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்திருந்தால் கால் மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனை செய்கிறார்கள். அதை மறைக்கமாட்டேன். முடிவு வந்தபிறகு நடப்பதையும் மறைக்கமாட்டேன். "வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் யாரும்மா?" என்று வரிசையின் கடைசிவரை கேட்கும்படி ஒரு குரல். தலை கவிழ்ந்து அவள் எழுந்து வருவாள். அவளுக்கு ஊசி. புருஷனுக்கு? "அவரு வேலைக்குப் போயிருக்காரு" என்று அவள் சொன்னதும் புருஷன் கணக்கு முடிந்தது. வைத்தியம் முடிந்த மனைவி வைத்தியம் தொடங்காத புருஷனிடம் திரும்பிப் போவாள். ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்துவிட்டு, இத்தனை குடம் நிரப்பினோம் என்று நாம் மேலிடத்துக்கு எழுதி அனுப்புவோம்.

ஏழை நாட்டின் தலையெழுத்து என்று யாரும் பெருமூச்சு விடவேண்டாம். 1999-ல் அமெரிக்கா இந்த நோயை நாட்டைவிட்டே ஒழிக்கப்போவதாகத் திட்டம் போட்டது. 2022-ல் அங்கே 3,700-க்கும் அதிகமான குழந்தைகள் இதோடு பிறந்தன. பத்து வருடத்தில் பத்து மடங்கு. பத்தில் ஒன்பது குழந்தைகளைச் சரியான நேரத்துச் சோதனையும் ஊசியும் காப்பாற்றியிருக்கும் என்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமே சொன்னது. டாலர் இருந்தாலும் வாயைத் திறந்து கேட்கவும் தேடிப்போய் ஊசி போடவும் ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டில் வாயைத் திறந்து யாருமே கேட்கவில்லை என்று சொன்னால் அது பாவம். சுவர் கேட்டது. எய்ட்ஸ் விளம்பரத்துப் புள்ளிராஜாவை நினைவிருக்கும். அவருக்கு எய்ட்ஸ் வருமா என்று ஒரு காலத்தில் ஊர்ச்சுவர்களெல்லாம் கேட்டன. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடத் திருப்பிக் கேட்டுச் சிரித்தன. அந்தச் சுவருக்குப் பின்னால் கிளினிக் வைத்திருந்த டாக்டர் மட்டும் கேட்கவில்லை.

இன்னொருவரும் கேட்கிறார். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் பரம்பரை வைத்தியர். "தம்பி, கதவைச் சாத்திட்டு வா. கூச்சப்படாமச் சொல்லு. யாரோட, எப்ப?" என்று கேட்கிறார். பையன் எல்லாவற்றையும் கொட்டுகிறான். அவர் பல்லாயிரம் ரூபாய் லேகியத்தை அவன் தலையில் கட்டி அனுப்புகிறார். நோய் தீராது. ஆனால் ஒரு பால்வினை மருத்துவன் நோயாளியிடம் செய்யவேண்டிய முதல் இரண்டு காரியங்களை, கதவைச் சாத்துவதையும் முகம் சுளிக்காமல் கேட்பதையும், அந்தப் போலி சுத்தமாகச் செய்கிறான். அசல் டாக்டரிடம் மருந்து இருக்கிறது, போலியிடம் கேள்வி இருக்கிறது. நடுவில் நோயாளி பேருந்து ஏறி அலைகிறான்.

இத்தனைக்கும் இது ஒரு மக்குக் கிருமி. வெட்டை நோய்க் கிருமி முதல் பெஞ்சு மாணவன். சல்ஃபா, பெனிசிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று நாம் கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எதிர்க்கக் கற்றுக்கொண்டது. சிபிலிஸுக்குப் பெனிசிலின் கேட்கும் என்று அமெரிக்க மருத்துவர் மஹோனி காட்டியது 1943-ல். 80 வருடம் தாண்டியும் அந்த மருந்தை எதிர்க்க இது கற்கவில்லை. கற்கவேண்டிய அவசியம்தான் என்ன? நாம் போட்டால்தானே!

ஆரம்பக் கட்டத்துக்குப் பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், பிட்டத்தில், ஒரே தடவை. நாள்பட்டதற்கு வாரம் ஒன்று வீதம் மூன்று தடவை. பாடம் இவ்வளவுதான். இதுவும் தலையில் நிற்காது என்று எண்ணியோ என்னவோ, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துகளை வண்ணப் பெட்டிகளில் போட்டுக் கொடுத்தது. சிறுநீர்த் தாரையில் சீழ் என்றால் சாம்பல் நிறப் பெட்டி. பிறப்புறுப்பில் புண் என்றால் வெள்ளைப் பெட்டி. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு நீலம். எல்.கே.ஜி. குழந்தைகூட நிறம் பார்த்து எடுத்துவிடும். நாற்பது வயது எம்.பி.பி.எஸ். களிம்பு எழுதுகிறார்.

ஏன் என்று கேட்டால், பயம். "பெனிசிலின் போட்டு ஏதாவது ஆச்சுன்னா கண்ணாடிய உடைப்பாங்க சார்." உடைத்திருக்கிறார்கள், பொய்யில்லை. ஆனால் உயிரைக் குடிக்கும் ஒவ்வாமை மிக அரிது. முன்பு ஒத்துக்கொண்டதா என்று கேட்டு, டெஸ்ட் டோஸ் போட்டு, பக்கத்தில் அட்ரினலின் வைத்துக்கொண்டு போடக்கூடிய ஊசிதான் அது. ஊசி போட்ட அன்றிரவு சிலருக்குக் குளிரும் காய்ச்சலும் வரும். கிருமிகள் கூட்டமாகச் செத்து விழுவதால் உடம்பு காட்டும் எதிர்வினை. ஒரு நாளில் அடங்கிவிடும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதில்லை. பயந்துபோய் அவர் திரும்பி வந்ததும் சீட்டில் சிவப்பு மையில் 'பெனிசிலின் அலர்ஜி' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சீட்டுக்காரி பிறகு கர்ப்பிணியாக வந்தால், வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்துக் காப்பாற்றுவதற்கு நம்பத்தக்க மருந்து பெனிசிலின் ஒன்றுதான். அந்த ஒன்றின் குறுக்கே யாரோ அவசரத்தில் கிறுக்கிய சிவப்பு மை நிற்கும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்று ஓர் ஊர். 1932-லிருந்து 1972 வரை, சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களை, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காக அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பெனிசிலின் வந்தபிறகும் கொடுக்கவில்லை. 1997-ல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். உலகம் காறித் துப்பியது, துப்பவேண்டியதுதான். ஆனால் 40 வருடம் நோயாளிக்கு ஊசி போடாமல் இருப்பதற்கு அவர்களுக்குத் திட்டம், நிதி, கோப்பு, குழு எல்லாம் தேவைப்பட்டன. நமக்கு ஒரு களிம்பும் கொஞ்சம் வெட்கமும் போதும். மன்னிப்புக் கேட்கும் சிரமமும் இல்லை. நடந்ததற்குத்தான் கோப்பே கிடையாதே.

இவ்வளவையும் இருபது நிமிடத்தில் சொல்லத்தான் மேடை ஏறினேன். சர்க்கரைக்காரர் நேரத்தைத் தின்றுவிட்டதால் பதினோரு நிமிடம் மிச்சம். பின்வரிசையில் தட்டு அடுக்கும் சத்தம். கிராம்பும் நெய்யும் அரங்குக்குள் வந்துவிட்டன. என் படங்களைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டேன்: "போன மாசம் உங்கள்ல எத்தனை பேர், ஒரே ஒரு நோயாளிகிட்டயாவது, கடைசியா யாரோட இருந்தீங்க, உறை போட்டீங்களான்னு கேட்டீங்க? கையைத் தூக்குங்க."

எண்பது பேரும் கைபேசியைப் பார்த்தார்கள்.

மூலையில் ஒரு கை எழுந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர். சின்னப் பெண்.

"நான் கேட்டேன் சார். ஒரு தடவை. அதோட நிறுத்திட்டேன்."

"ஏம்மா?"

"எங்க வெச்சுக் கேக்கறது சார்? எனக்கு ஒரே ரூம். அதுலயே பி.பி. பாக்கற சிஸ்டர், மருந்து குடுக்கற இடம், ரெண்டு பெஞ்சு. ஒரு நாளைக்கு நூத்தம்பது பேர். எதிர்ல ஒருத்தங்க உக்காந்தா பின்னாடி நாலு பேர் நிக்கறாங்க. அன்னிக்கு நான் கேட்டப்ப, அந்த நாலு பேர்ல ஒருத்தங்க அந்தப் பொண்ணோட மாமியார்."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கேளுன்னு சொல்றீங்க. சரி சார். ஒரு திரை வேணும்னு ரெண்டு தடவ எழுதிட்டேன். வரல. பயிற்சிக்கு மட்டும் வருஷம் நாலு தடவ கூப்பிடறாங்க."

என்னிடம் பதில் இல்லை. முப்பது வருடம் நான் இருந்த பால்வினை நோய்ப் பிரிவு ஆஸ்பத்திரியின் கடைக்கோடியில், பிணவறையை ஒட்டி இருந்தது. எங்களை ஒதுக்கி வைத்ததில் கிடைத்த ஒரே லாபம், சாத்துவதற்கு ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஊரில் உள்ள டாக்டர்களுக்கெல்லாம் வாய் இல்லை என்று திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. லாட்ஜ் வைத்தியனுக்கு வாடகைக் கதவு, எனக்குத் தீண்டாமைக் கதவு. அரசாங்கம் எம்.பி.பி.எஸ். படித்தவரை நியமித்து, வண்ணப் பெட்டி கொடுத்து, பதிவேடு கொடுத்து, படிவம் கொடுத்து, பயிற்சிமேல் பயிற்சியும் கொடுத்து, ஆறு முழம் துணியை மட்டும் மறந்துவிட்டது.

அமைப்பாளர் மைக்கை வாங்கினார். "மிகப் பயனுள்ள அமர்வு. லஞ்சுக்குப் போகலாம்." கிரெடிட் சான்றிதழ்கள் காலையிலேயே அச்சாகி வந்திருந்தன. எண்பது பேரும் அன்று பயிற்சி பெற்றவர்கள். கை தூக்கியவருக்கும் தூக்காதவருக்கும் ஒரே மதிப்பெண்.

நான் கிளம்பும்போது பையன்கள் மேடையின் ஃப்ளெக்ஸ் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது அடி நீளம். சர்க்கரை மாத்திரை விழுங்கிவிட்டுப் பல்லைக் காட்டும் ஒரு குடும்பம். கை தூக்கிய அந்தப் பெண் டாக்டர் பையன்களிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சுருட்டிக் கொடுத்தார்கள்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"ரூம் மூலையில கட்டிடுவேன் சார். பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு. இந்தக் குடும்பம் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

பிரியாணிக்கு நிற்காமல் டவுன் பஸ்ஸுக்கு ஓடினார். சுருட்டிய பேனர் அவரைவிட உயரம். கண்டக்டர் முதலில் படியில் ஏற்றவே மறுத்தார். பிறகு கணக்குச் சொன்னார்: பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, இதற்கு லக்கேஜ் போடவேண்டும். அவர் கைப்பையில் சில்லறை தேடிக் கொடுத்துவிட்டு ஏறினார்.